பெற்றுக்கொண்டேன்

தக்குவரெம்போவிலிருந்து விமான நிலையம்
நானூறு கிலோமீட்டர். நான் ஓட்டுகிறேன்.
பின்னிருக்கையில் அன்செல்மோ எச்செவெரி,
டிராக்டர் மெக்கானிக்.
விலங்கு முன்பக்கமாக,
மாத்தே உறிஞ்ச வசதியாக.
அது என் சலுகை. விதிப்புத்தகத்தில் இல்லை.

அவன் செய்தது இதுதான்:
அறுவடை நடுவில் நின்றுபோன இயந்திரத்தின்
மூளைக்குள் புகுந்து, கம்பெனி போட்ட பூட்டைத் திறக்க
சின்னதாக ஒரு நிரல் எழுதினான்.
பக்கத்து வயல்காரனுக்குக் கொடுத்தான்.
அவன் மச்சானுக்கு.
மச்சான் இணையத்துக்கு.
இணையம் யாருக்குத்தான் கொடுக்கவில்லை?

நம் சட்டத்திலும் அது குற்றமா என்று
நீதிபதி மூன்று மாதம் தேடினார்.
பழைய பிரிவு ஒன்றின் ஓரத்தில்
குற்றத்தின் ஜாடையில் ஏதோ இருந்தது.
ஜாடை போதும் என்றது ஒப்பந்தம்.

பாசோ டெ லோஸ் தோரோஸ் பாலத்தில் கேட்டான்:
"நெலிடா, அங்கே இப்போது குளிர்காலமா?"
அந்த மண்ணை அவன் மிதித்ததே இல்லை.
கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான்.
அந்த நாட்டின் சட்டம் மட்டும்
விசா இல்லாமல், செருப்பைக் கழற்றாமல்
பட்டறைக்குள் வந்து
கிரீஸ் படிந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அநியாயம் என்று சொல்லிவிடலாம்.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
ஆனால் துராஸ்னோ தாண்டியதும்
சாலையின் இருபுறமும் சோயா.
சோயாவைக் கண்டால் எனக்கு ரொமினா.
அக்காள் மகள். அப்போது ஒன்பது வயது.
பள்ளிக்கூடத்தின் மேல் பூச்சிமருந்து தெளித்த விமானம்
திரும்பி வந்து இன்னொரு முறையும் தெளித்தது.
ரொமினா இருக்கிறாள்.
வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும்.
விமானி வெளிநாட்டான்.
விசாரணைக்கு முந்தின நாள் ஊர் போய்ச் சேர்ந்தான்.
அனுப்பி வையுங்கள் என்று எழுதினோம்.
நல்ல வழவழப்பான காகிதத்தில் மூன்று வரி வந்தது:
எங்கள் குடிமக்களை நாங்கள் ஒப்படைப்பதில்லை.

இதே நாடா என்று கேட்காதீர்கள்.
இல்லை, வேறு நாடு.
இதே நாடாக இருந்திருந்தால்
கதை கச்சிதமாக இருந்திருக்கும்.

அன்று நான் சபித்தேன்:
சட்டத்துக்கு ஏன் இத்தனை குட்டைக் கை?
கடல் தாண்டிப் போய் அவன் கதவைத் தட்டி
சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி வரட்டுமே!
இன்று நானே அந்தக் கை.
மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்
நீண்டுகொண்டிருக்கிறேன்.

ஃப்ளோரிடா பெட்ரோல் நிலையத்தில்
இரண்டு எம்பனாடா வாங்கினேன்.
அவன் சாப்பிடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.
"அந்த லாரிக்கு இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது,
போய்ச் சொல்லேன்."
சொன்னேன். டிரைவர் பானெட்டைத் திறந்தான்.
விலங்கோடு குனிந்து
பன்னிரண்டு நிமிடத்தில் சரிசெய்தான் அன்செல்மோ.
பிரேசில் எண்பலகை.
பதிவேட்டில் நான் எழுதவில்லை.

கராஸ்கோ. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு.
ஒரே மாதிரி காலணி அணிந்த இருவர்.
ரசீதை நீட்டினேன்:
நபர் ஒன்று. பை ஒன்று.
தெர்மோஸ் ஒன்று, அனுமதியில்லை, அடித்துவிட்டார்கள்.
"பெற்றுக்கொண்டேன்" என்ற சொல்லுக்கு மேல்
வேகமாக ஒரு கையெழுத்து.

எங்கள் விலங்கைக் கழற்றித் தந்தார்கள்.
தங்களுடையதை எடுக்கப் பைக்குள் கைவிட்டார்கள்.
நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்
அவன் இரண்டு கைகளும்
எந்த நாட்டிலும் இல்லை.
மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.
பிறகு, யாரும் கேட்காமலே, நீட்டினான்.

திரும்பும்போது இருட்டு. சோயா தெரியவில்லை.
பக்கத்து இருக்கையில் தெர்மோஸ்.
தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
குடிக்கவும் முடியவில்லை,
கீழே ஊற்றவும் முடியவில்லை.